கடல் முள்ளெலிச் சினையில் கன உலோகம்: தின்னலாமா என்பதும் கடல் கெட்டிருக்கிறதா என்பதும் ஒரே கேள்விதானா?

#1 · கூத்தன்குழிக் கரைவாசி

அவையோருக்கு வணக்கம். எங்கள் ஊர்ப் பாறைக்கரையிலும், தெற்கே இடிந்தகரை, பெருமணல், கூட்டப்புளி வரையிலும், வடக்கே கூடுதாழை, உவரி வரையிலும் கருமுள் கொண்ட கடல் முள்ளெலி ஏராளமாகக் கிடக்கிறது. வலையில் ஏறினால் உதறி எறிவதும், காலில் குத்தினால் திட்டுவதும் தவிர அதனோடு எங்களுக்கு வேறு உறவு இருந்ததில்லை. அண்மையில் வெளியூர் வியாபாரி ஒருவர் வந்து, சினை பிடித்த முள்ளெலிகளை எடுத்துத் தர முடியுமா, ஜப்பானியர் அந்தச் சினையை விரும்பி உண்பார்கள், நல்ல விலை கிடைக்கும் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

ஊர்க்கூட்டத்தில் இதைப் பற்றிப் பேசியபோது பெரியவர் ஒருவர், தூத்துக்குடிக் கடலில் இத்தனை ஆண்டுகளாக எதெது கலந்ததோ அதையெல்லாம் பாசியோடு சேர்த்துத் தின்று வளர்ந்த உயிரை இன்னொருவர் இலையில் வைக்கலாமா என்று கேட்டார். என் மகளின் கல்லூரிப் பாடத்திலோ, கடல் முள்ளெலி ஒரு மாசுகாட்டி உயிரி என்று எழுதியிருக்கிறது. மாசுகாட்டி என்றாலே அதன் உடம்பில் மாசு இருக்கிறது என்றுதானே பொருள்? அப்படியானால் அதைத் தின்னக் கொடுப்பது தவறல்லவா? விவரம் தெரிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

#2 · பாளை ஆய்வுக்கூடத்தார்

அண்ணாச்சி, நீங்கள் ஒரு கேள்வி கேட்டதாக நினைக்கிறீர்கள். அதற்குள் இரண்டு இருக்கின்றன. ஓர் உயிர் நல்ல மாசுகாட்டியாக இருப்பதற்கும் அது உண்ணத் தகாததாக இருப்பதற்கும் இடையில் நேரான தொடர்பு எதுவும் இல்லை. நீரிலும் உணவிலும் உள்ள உலோகம் கூடும்போது தன் உடம்பிலும் கூட்டியும், குறையும்போது குறைத்தும் காட்டுகிற உயிரே மாசுகாட்டி. தூய கடலில் வாழும் முள்ளெலியும் மாசுகாட்டிதான். அது காட்டுவது தூய்மையை.

அடுத்தது, உலோகம் உடம்பின் எந்த உறுப்பில் தங்குகிறது என்பது. முள்ளெலியின் ஓடு மக்னீசியம் கலந்த கால்சியம் கார்பனேட்டால் ஆனது. காரீயம் (ஈயம்) கால்சியத்தின் இடத்தில் புகுந்து உட்காரக்கூடியது என்பதால் அதில் ஒரு நல்ல பங்கு ஓட்டிலும் முள்ளிலும் போய்ச் சேர்கிறது. குடலிலும் குடலுக்குள் இருக்கும் மணலிலும் இரும்பு, மாங்கனீசு போன்றவை மிகுதியாகக் கிடைக்கும். மனிதர் உண்பதோ ஐந்து சுளைகளாக ஓட்டின் உட்புறத்தில் ஒட்டியிருக்கும் சினையை மட்டுமே. அதில் துத்தநாகமும், ஓரளவு தாமிரமும் காட்மியமும் சேரும். ஆகவே ஒருவர் முள்ளெலியை ஓட்டோடு அரைத்துச் சோதித்து, காரீயம் அதிகம் என்று அறிக்கை கொடுத்தால், அந்த அறிக்கை கடலைப் பற்றி எதையாவது சொல்லலாம். தட்டில் இருப்பதைப் பற்றி எதுவும் சொல்லாது. சினையை மட்டும் சோதித்து எல்லாம் நலம் என்று எழுதினால், உண்பவருக்கு அது பயன்படும். கடலின் காரீயக் கதை ஓட்டிலேயே மறைந்து கிடக்கும்.

இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு எழுதப்பட்ட செய்திகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அதைவிடக் கூடுதலாகப் பார்த்தது உலர் எடைக்கும் ஈர எடைக்கும் உள்ள குழப்பம். ஆய்வுக் கட்டுரைகள் பெரும்பாலும் மாதிரியை உலர்த்தி, உலர் எடையில் கணக்குக் கொடுக்கும். உணவுச் சட்டங்களின் வரம்புகளோ ஈர எடையில் இருக்கும். சினையில் ஏறத்தாழ முக்கால் பங்கு நீர் என்று வைத்துக்கொண்டால், உலர் எடையில் கிலோவுக்கு 2 மில்லிகிராம் காட்மியம் என்பது ஈர எடையில் அரை மில்லிகிராம்தான். இருவோட்டுச் சிப்பிகளுக்கு ஐரோப்பிய ஒன்றியம் வைத்திருக்கும் வரம்பு ஈர எடையில் கிலோவுக்குக் காட்மியம் 1 மில்லிகிராம், காரீயம் 1.5 மில்லிகிராம், முள்ளெலிச் சினையைச் சோதிப்பவர்கள் பெரும்பாலும் இந்த அளவோடுதான் ஒப்பிடுகிறார்கள். கோடெக்ஸ் என்னும் பன்னாட்டு உணவுத் தரத்தில் இத்தகைய சிப்பிகளுக்கான காட்மிய வரம்பு 2 மில்லிகிராம். மேற்சொன்ன உலர் எடைக் கணக்கை அப்படியே ஐரோப்பியக் காட்மிய வரம்போடு ஒப்பிட்டால், வரம்பில் பாதியே உள்ள சரக்கு வரம்பைப் போல் இரு மடங்கு கொண்டதாகத் தோன்றும்; ஒரு ஊரின் பிழைப்பே அந்தத் தலைப்புச் செய்தியில் போய்விடும்.

#3 · முத்துநகர் சங்கு குளிப்பவர்

ஆய்வுக்கூடத்து அண்ணாச்சி சொன்னதை நான் மறுக்கவில்லை. ஆனால் எந்த முள்ளெலி என்று யாரும் இன்னும் கேட்கவில்லை. நாங்கள் தூத்துக்குடிக்குக் கிழக்கே பார்களில் (கடலடிப் பாறைத் திட்டுகளில்) சங்குக்கு மூழ்கும்போது பார்ப்பது ஒரே வகை அல்ல. வான் தீவு, காசுவார் பக்கம் கடற்புல் படுகையில் கிடப்பது குட்டை முள் உள்ளது. உடைந்த சிப்பித் துண்டையும் பாசியையும் இழுத்து மேலே போர்த்திக்கொள்ளும். பவளப் பார்களின் இடுக்கில் இருப்பது நீள நீளமான மெல்லிய கரு முள் உள்ளது. குத்தினால் முள் உள்ளேயே முறிந்து கடுக்கும், நாங்கள் அஞ்சுவது அதற்குத்தான். கூத்தன்குழிக்காரர் சொல்லும் கருமுள் முள்ளெலி மூன்றாவது வகை. அலை அடிக்கும் பாறையில் குழி செய்து அதற்குள் இறுக்கி உட்கார்ந்திருக்கும், கடப்பாரை இல்லாமல் எடுக்க முடியாது. தூத்துக்குடியிலிருந்து புல் முள்ளெலியையும் இடிந்தகரையிலிருந்து பாறை முள்ளெலியையும் எடுத்துச் சோதித்துவிட்டு, அங்கே இத்தனை இங்கே இத்தனை என்று கணக்குச் சொன்னால் அதை நம்ப முடியுமா?

#4 · கடலுயிர் ஆய்வு மாணவி

சங்கு குளிக்கும் அண்ணன் சொன்னது மிக முக்கியமான தடை. பாறை முள்ளெலி ஸ்டோமோப்நியூஸ்டெஸ் வேரியோலாரிஸ், புல் படுகையில் இருப்பவை சால்மாசிஸ் பேரினத்தவை, நீள முள் கொண்டது டயடெமா செட்டோசம். இவற்றின் உணவு வேறு, வாழிடம் வேறு. பாறைக்குழியில் இருப்பது பாறைமேல் வளரும் பாசியைச் சுரண்டியும் அலை கொண்டுவரும் பாசித் துண்டுகளைப் பிடித்தும் தின்கிறது. புல் படுகையில் மேய்வதற்குப் புல்லோடு மணலும் சேறும் குடலுக்குள் போய்விடுகின்றன. சேற்றில்தான் உலோகம் அதிகம் படியும் என்பதால், ஒரே அளவு மாசுள்ள இரண்டு இடங்களில்கூட இவ்விரு வகைகளும் வெவ்வேறு அளவைக் காட்டலாம். ஒப்பிட வேண்டுமானால் ஒரே இனம், ஏறத்தாழ ஒரே பருமன், ஒரே பருவம் என்று எடுக்க வேண்டும்.

பருவம் என்று சொன்னதற்கு ஒரு காரணம் உண்டு. முள்ளெலியின் சினை வெறும் இனப்பெருக்க உறுப்பு அல்ல. உணவுச் சேமிப்புக் கிடங்கும் அதுவே. ஆணிலும் பெண்ணிலும் அது ஊட்டச்சத்தைச் சேர்த்து வைத்துக்கொண்டு பருத்து, முட்டையோ விந்தோ வெளியேறியபின் சுருங்கிவிடுகிறது. உலோகத்தின் மொத்த அளவு மாறாமலே இருந்தாலும், சினை பருத்திருக்கும்போது செறிவு குறைந்தும் சுருங்கியிருக்கும்போது கூடியும் தெரியும். ஒரே பாறையிலிருந்து இரண்டு பருவங்களில் எடுத்த மாதிரிகளை வைத்து, கடல் கெட்டுவிட்டது என்றோ தேறிவிட்டது என்றோ சொல்ல இடம் ஏற்பட்டுவிடும். இதற்காகவே கவனமுள்ள ஆய்வாளர்கள், உடல் எடையில் சினை எத்தனை விழுக்காடு என்பதையும் சேர்த்தே எழுதுவார்கள்.

பால் வேறுபாடும் சிறியதல்ல. முட்டை உருவாக்கத்துக்குத் துத்தநாகம் தேவை. அதைச் சுமந்து செல்லும் புரதம் ஒன்று முள்ளெலியில் உண்டு. அதனால் பெண் முள்ளெலியின் சினையில் ஆணினதைவிடத் துத்தநாகம் தெளிவாகக் கூடியிருக்கும். இது மாசு அல்ல, உடலின் இயல்பு. மாதிரியில் பெண்கள் அதிகமாக விழுந்துவிட்ட ஒரு கரையைத் துத்தநாகத்தால் மாசுபட்ட கரை என்று எழுதிவிடும் ஆபத்து இருக்கிறது.

முன்மாதிரி வேண்டுமானால் மத்தியதரைக் கடலைப் பார்க்கலாம். அங்கே பாராசென்ட்ரோட்டஸ் லிவிடஸ் என்னும் முள்ளெலியை மக்கள் நெடுங்காலமாக உண்கிறார்கள். அதே இனத்தை மாசுகாட்டியாகவும் ஆய்வாளர்கள் பயன்படுத்துகிறார்கள். கோர்சிகாத் தீவில் கனாரி என்ற ஊரின் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) சுரங்கம் 1965-இல் மூடப்பட்டது. அதன் கழிவுப் பாறை கடலில் கொட்டப்பட்டிருந்ததால், அரை நூற்றாண்டு கழித்து எடுத்த முள்ளெலிகளிலும் அந்தப் பாறைக்கே உரிய நிக்கல், குரோமியம், கோபால்ட் ஆகியவை தீவின் மற்ற இடங்களைவிட உயர்ந்து தெரிந்தன. சுரங்கமோ ஆலையோ மூடப்பட்டதால் கழிவு மறைந்துவிடுவதில்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை. தூத்துக்குடியில் 2018-இல் மூடப்பட்ட தாமிர உருக்காலையைப் பற்றிப் பேசுகிறவர்கள், ஆதரித்துப் பேசினாலும் எதிர்த்துப் பேசினாலும், இதை மனத்தில் கொள்ள வேண்டும்.

#5 · ஏரல் வாழைக்காரர்

எனக்கு ஓர் அடிப்படைச் சந்தேகம். கடல் நீரில் எத்தனை காரீயம் இருக்கிறது என்று அறிய வேண்டுமானால் ஒரு குடுவை நீரை மொண்டு சோதிக்கலாமே. எதற்கு ஒரு உயிரைப் பிடித்து, உடைத்து, அது ஆணா பெண்ணா, பருத்ததா சுருங்கியதா என்று இத்தனை சிக்கலை இழுத்துக்கொள்ள வேண்டும்?

இன்னொன்று. இந்த இழையின் தொடக்கத்திலிருந்தே எல்லோருடைய விரலும் தூத்துக்குடி ஆலைகளை நோக்கியே நீள்கிறது. தாமிரபரணியும் புன்னைக்காயலில் கடலில்தானே விழுகிறது? திருநெல்வேலி மாநகரின் சாக்கடை அதில் கலப்பதை நாள்தோறும் பார்க்கிறோம். எங்கள் வாழைக்கு இலைப்புள்ளி வந்தால் காப்பர் ஆக்சிகுளோரைடு அடிக்கிறோம். அதில் இருப்பதும் தாமிரந்தான். நிலத்துக்குப் போடும் பாஸ்பேட் உரத்தில் காட்மியம் சிறிதளவு உண்டென்று வேளாண்மைத் துறைக் கூட்டத்திலேயே சொன்னார்கள். ஆலையை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டு ஆற்றை விட்டுவிடுவது நியாயமாகப் படவில்லை.

#6 · பாளை ஆய்வுக்கூடத்தார்

வாழைக்காரர் அண்ணாச்சியின் இரண்டு கேள்விகளும் நேர்மையானவை. முதல் கேள்விக்கு விடை இதுதான். கடல் நீரில் கரைந்திருக்கும் காரீயமோ காட்மியமோ மிக மிகக் குறைவு. லிட்டருக்கு மைக்ரோகிராமின் சிறு பின்னங்களில் இருக்கும். அந்த அளவை அளக்கும்போது குடுவையின் சுவரிலிருந்தும், படகின் துருவிலிருந்தும், மொள்பவரின் கையிலிருந்தும் சேரும் அழுக்கே நீரில் இருப்பதைவிட அதிகமாகிவிடும். அது போக, மொண்ட நீர் மொண்ட நேரத்தின் கதையை மட்டும் சொல்லும். காலையில் கழிவு திறந்துவிடப்பட்டு மாலையில் நீங்கள் மொண்டால் ஒன்றும் தெரியாது. ஓரிடத்திலேயே வாழும் உயிரோ மாதக்கணக்கில் நடந்ததைத் தன் உடம்பில் சேர்த்து வைத்திருக்கும், பலசரக்குக் கடையின் பற்று நோட்டைப் போல. இந்த எண்ணத்தில்தான் 1975-இல் எட்வர்ட் கோல்ட்பெர்க் என்ற அமெரிக்க அறிஞர், உலகக் கடற்கரைகள் எங்கும் சிப்பிகளைக் கொண்டு மாசைக் கண்காணிக்கலாம் என்று முன்மொழிந்தார். நம் கரையிலும் கல்லுச்சிப்பி கிடைக்கும் இடங்கள் உண்டு. சிப்பி நீரை வடிகட்டி உண்பது, முள்ளெலி பாசியை மேய்வது. ஒன்று நீரில் மிதக்கும் துகளின் நிலையையும் மற்றது பாறைப் பாசியின் நிலையையும் சொல்லும். இரண்டையும் சேர்த்து எடுத்தால் இன்னும் நல்லது.

இரண்டாவது கேள்விக்கு: ஆற்றை விட்டுவிட வேண்டும் என்று யாரும் சொல்லக்கூடாது. அதே போல மற்றவற்றையும் விடக்கூடாது. தூத்துக்குடி அனல் மின் நிலையத்தின் முதல் அலகு 1979-இல் ஓடத் தொடங்கியது. 210 மெகாவாட் அலகுகள் ஐந்து. நிலக்கரிச் சாம்பலில் ஆர்செனிக், காரீயம், பாதரசம் ஆகியவை சிறிதளவில் எப்போதும் உண்டு. துறைமுகத்தில் கப்பலின் அடிப்பகுதியில் பூசும் பாசித்தடைப் பூச்சில் தாமிரம் இருக்கிறது. ஈயம் கலந்த பெட்ரோல் நாட்டில் 2000-ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்டாலும் அதற்கு முன் படிந்தது சேற்றில் இருக்கும். மீனவர் வலையில் கட்டும் ஈயக்குண்டுகளையும் மறக்கக்கூடாது. பாரில் சிக்கி அறுந்த வலையோடு கிடக்கும் குண்டுகளுக்குப் பக்கத்தில் மேயும் முள்ளெலியில் காரீயம் கூடுதலாகத் தெரிந்தால் அதற்கு எந்த ஆலையும் பொறுப்பல்ல.

நம் பகுதிக்கே உரிய ஒரு சிக்கலையும் சொல்லிவிடுகிறேன். வண்டலில் உள்ள உலோகம் இயற்கையா, மனிதர் சேர்த்ததா என்று பிரிக்க, அதை அதே வண்டலில் உள்ள இரும்போடு விகிதப்படுத்திப் பார்ப்பது ஒரு வழக்கம். நம் கரையில் அந்த வழக்கம் காலை வாரிவிடும். தேரி மணலின் சிவப்பே இரும்பு ஆக்சைடுதான்; கடற்கரைக் கருமணலில் உள்ள இல்மனைட்டில் இரும்பும் டைட்டானியமும், கார்னெட்டில் இரும்பும் அலுமினியமும் உண்டு. இரும்பு இப்படி இயற்கையாகவே மிகுந்திருக்கும் மண்ணில் அந்த விகிதம், உண்மையில் இருக்கும் மாசையும் சிறியதாக்கிக் காட்டிவிடும். 63 மைக்ரான் சல்லடையில் சலித்து, கனிம மணலை ஒதுக்கிவிட்டு, நுண்சேற்றை மட்டும் எடுத்து அலுமினியத்தோடு விகிதப்படுத்துவதே இங்கே ஓரளவு பாதுகாப்பானது.

#7 · முத்துநகர் சங்கு குளிப்பவர்

வலைக்குண்டு பற்றிச் சொன்னது உண்மை. பார்களில் அறுந்த வலை கிடக்காத இடத்தைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

#8 · கடலுயிர் ஆய்வு மாணவி

காட்மியத்தைப் பற்றி ஒரு சேர்க்கை. கடலில் காட்மியம் பாஸ்பேட்டைப் போலவே நடந்துகொள்ளும். மேல்நீரில் மிதவை உயிர்கள் அதை உறிஞ்சிக்கொண்டு, இறந்து கீழே போகும்போது ஆழத்தில் விட்டுவிடும். அதனால் ஆழ்நீரில் காட்மியம் மேல்நீரைவிடக் கூடுதல். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் குமரிமுனையை ஒட்டிய கடலில் ஆழத்துக் குளிர்ந்த நீர் மேலே ஏறி வருவதை மீனவர்கள் அறிவார்கள். அந்த நீர் ஊட்டச்சத்தோடு காட்மியத்தையும் கொண்டுவரும். அப்படியானால் எந்த ஆலையும் இல்லாத கூட்டப்புளிக் கரையின் முள்ளெலியில் காட்மியம் தூத்துக்குடியைவிடக் கூடுதலாக இருந்தாலும் நான் வியப்படைய மாட்டேன். ஒப்பீட்டுக்காகத் தூய இடம் ஒன்றைத் தேர்ந்தெடுப்பவர்கள், ஆலை இல்லாத இடம் என்பதாலேயே அங்கே எல்லா உலோகமும் குறைவாக இருக்கும் என்று எண்ணிவிடக்கூடாது.

காலத் தேர்விலும் இதே கவனம் வேண்டும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது நம் எல்லோருக்கும் நினைவிருக்கும். அத்தகைய வெள்ளத்தில் ஆற்றின் அடிச்சேறு, குளத்துச் சேறு, ஊர்க் குப்பை எல்லாம் கடலுக்குப் போகும். வெள்ளத்தை ஒட்டி எடுத்த மாதிரி வெள்ளத்தைத்தான் காட்டும். அது அந்தக் கரையின் இயல்பான நிலை ஆகாது.

#9 · நெல்லை பொது மருத்துவர்

உண்ணும் பக்கத்தைப் பற்றி நான் சொல்கிறேன். காட்மியத்துக்கு உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண் நிறுவனமும் சேர்ந்து அமைத்த நிபுணர் குழு 2010-இல் வகுத்த அளவு, மாதத்துக்கு உடல் எடை கிலோ ஒன்றுக்கு 25 மைக்ரோகிராம். அறுபது கிலோ எடையுள்ளவருக்கு அது மாதம் ஒன்றரை மில்லிகிராம். ஆய்வுக்கூடத்தார் எடுத்துக்காட்டாகச் சொன்ன ஈர எடை அரை மில்லிகிராம் அளவை எடுத்துக்கொண்டால், மாதம் 3 கிலோ சினை தின்றால்தான் அந்த எல்லையைத் தொடுவார். ஒரு முள்ளெலியில் 10 கிராம் சினை என்று வைத்தால் முந்நூறு முள்ளெலி. யாரும் அவ்வளவு தின்னப்போவதில்லை. ஆனால் இந்தக் கணக்கில் ஓர் ஓட்டை இருக்கிறது: நாம் தின்னும் அரிசி, கீரை, கிழங்கு எல்லாவற்றிலிருந்தும் காட்மியம் ஏற்கெனவே ஒரு பங்கு வந்துகொண்டிருக்கிறது, புகைபிடிப்பவருக்கு இன்னும் கூடுதல். எல்லை முழுவதையும் முள்ளெலிக்கே ஒதுக்க முடியாது. இருபது கிலோ எடையுள்ள குழந்தைக்கு அந்த 3 கிலோ 1 கிலோவாகச் சுருங்கிவிடும். உடலுக்குள் போன காட்மியம் சிறுநீரகத்தில் பத்து முதல் முப்பது ஆண்டு அரை ஆயுளோடு தங்கும் என்பதால், ஒரு வேளை விருந்தைவிட நாள்பட்ட பழக்கமே பொருட்டானது. ஜப்பானின் ஜின்சு ஆற்றுப் படுகையில் எலும்பு நொறுங்கும் நோய் வந்ததும் சுரங்கக் கழிவு பாய்ந்த வயலின் அரிசியைப் பல ஆண்டுகள் தின்றதால்தான்.

காரீயத்தில் இப்படிக் கணக்குப் போடவே இடமில்லை. முன்பு இருந்த வார வரம்பை அதே குழு 2010-இல் திரும்பப் பெற்றுக்கொண்டது. குழந்தைகளின் மூளை வளர்ச்சிக்குத் தீங்கில்லாத அளவு என்று ஒன்றைக் காட்ட முடியவில்லை என்பதே காரணம். ஆகவே சட்ட வரம்புக்குள் இருக்கிறதா என்பதைப் பார்ப்பதோடு, முடிந்தவரை குறைவாக இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

பாதரசத்துக்கு முள்ளெலியை நம்பாதீர்கள். மெத்தில் பாதரசம் உணவுச் சங்கிலியில் மேலே ஏற ஏறப் பெருகுவது. பாசி மேயும் முள்ளெலி சங்கிலியின் அடிப்படியில் இருக்கிறது. அதில் பாதரசம் இல்லை என்ற முடிவை வைத்துக்கொண்டு சுறாவையும் பெரிய சூரையையும் பற்றி நிம்மதி அடைய முடியாது. ஆர்செனிக் முடிவு வந்தால், மொத்த ஆர்செனிக்கா, கனிம ஆர்செனிக்கா என்று கேளுங்கள். கடலுயிர்களில் உள்ளதில் பெரும்பகுதி தீங்கு குறைந்த கரிமச் சேர்மமாகவே இருக்கும். மொத்த அளவை மட்டும் பார்த்தால் அச்சந்தான் மிஞ்சும்.

#10 · கூத்தன்குழிக் கரைவாசி

எல்லோருக்கும் நன்றி. வியாபாரியிடம் இதைப் பற்றிக் கேட்டபோது, பிடித்த முள்ளெலியை நல்ல நீருள்ள தொட்டியில் நாலைந்து நாள் போட்டு வைத்தால் உள்ளே உள்ள அழுக்கெல்லாம் போய்விடும் என்றார். சமைத்தால் போய்விடும் என்றும் சொன்னார். இதில் உண்மை உண்டா?

#11 · பாளை ஆய்வுக்கூடத்தார்

சிப்பியில் உள்ள கிருமிகளைக் குறைக்கத் தொட்டியில் வைக்கும் முறை உண்டு. வியாபாரி அதைக் கேள்விப்பட்டுச் சொல்லியிருக்கலாம். குடலில் உள்ள மணலும் சேறும் ஓரளவு வெளியேறும், அதுவும் நன்மைதான், ஏனென்றால் சினையைப் பிரிக்கும்போது குடல் கிழிந்தால் அந்தச் சேறு சினையில் ஒட்டிக்கொள்ளும். ஆனால் திசுவில் புரதத்தோடு பிணைந்துவிட்ட காட்மியம் நாலைந்து நாளில் போகாது. நெருப்பில் வைத்தாலும் போகாது. நீர் வற்றுவதால் செறிவு கூடத்தான் செய்யும்.

#12 · ஏரல் வாழைக்காரர்

மாணவி தங்கச்சி சொன்ன கனாரிச் செய்தியும், ஆய்வுக்கூடத்தார் சொன்ன இரும்புக் கணக்கும் என்னைச் சிந்திக்க வைத்தன. ஆனாலும் ஒன்றில் நான் உடன்பட மாட்டேன். பத்து முள்ளெலியை உடைத்து வரும் எண்ணை எடுத்துக்கொண்டு யாராவது மேடை ஏறினால், எங்கள் பகுதி மீன், உப்பு, வாழை எல்லாவற்றின் மேலும் சந்தேகம் விழும். முடிவைப் பொதுவில் வைப்பதற்கு முன் இரண்டு பருவமாவது பார்க்க வேண்டும்.

#13 · முத்துநகர் சங்கு குளிப்பவர்

அண்ணாச்சி, இரண்டு பருவம் பார்க்கட்டும் என்பது சரி. அதற்காக, எண் வந்த பிறகும் அதை மறைத்து வைப்பதை நான் ஏற்க மாட்டேன். நாங்கள் நாள்தோறும் அந்த நீருக்குள் மூழ்குகிறவர்கள், அந்தப் பாரிலிருந்து வருவதைத்தான் எங்கள் பிள்ளைகளும் தின்கிறார்கள். முதல் பருவத்தின் எண்ணை, இது முதல் பருவத்தினுடையது என்று எழுதியே வெளியிடலாமே. சந்தை கெட்டுவிடும் என்ற அச்சத்தில் வெளிவராமல் கிடந்த எண்களால்தான் எங்கள் பக்கத்தில் வதந்தி இவ்வளவு பெருகியது.

#14 · ஏரல் வாழைக்காரர்

எந்த இனம், எந்த உறுப்பு, எந்த எடை என்ற மூன்றும் எண்ணோடு சேர்ந்தே அச்சாகுமானால் எனக்கு மறுப்பில்லை. அது அச்சாகாது என்பதுதான் என் அச்சம்.

#15 · கடலுயிர் ஆய்வு மாணவி

செய்யக்கூடிய அளவில் ஒரு திட்டத்தைச் சொல்கிறேன், மற்றவர்கள் திருத்தலாம். பாறை முள்ளெலி ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வோம். அது கூட்டப்புளி, இடிந்தகரை, கூத்தன்குழி, உவரி, மணப்பாடு எனப் பாறையுள்ள கரைகளில் கிடைக்கும். தூத்துக்குடியில் துறைமுக அலைத்தடுப்புக் கற்களில் அதே இனம் கிடைத்தால் சேர்ப்போம். கிடைக்காவிட்டால் புல் முள்ளெலியைக் கொண்டுவந்து ஒப்பிட வேண்டாம், அங்கே சிப்பியையும் சேற்றையும் தனியாகப் பார்க்கலாம். ஒவ்வொரு கரையிலும் ஏறத்தாழ ஒரே விட்டமுள்ள இருபது, கச்சான் எனப்படும் தென்மேற்குக் காற்று ஓய்ந்ததும் ஒரு முறை, வாடைக்காலம் முடிந்து ஆற்றுநீர் அடங்கியதும் ஒரு முறை. சினை, குடல், ஓடு மூன்றையும் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும். ஆண், பெண் என்றும் பிரித்துப் பையில் போட வேண்டும். சினையின் எண் வியாபாரிக்கும் உண்பவருக்கும். ஓடும் குடலும் கடலைப் பற்றிய கேள்விக்கு. கூடங்குளத்தைப் பற்றியும் யாராவது கேட்பார்கள் என்று தெரியும். கதிரியக்கத் தனிமங்களை அளப்பது வேறு கருவி, வேறு முறை. மோனசைட் மணலால் இயற்கையாகவே தோரியம் உள்ள கரை இது என்பதால் அந்த ஆய்வைத் தனியாகத்தான் நடத்த வேண்டும்.

#16 · பாளை ஆய்வுக்கூடத்தார்

திட்டம் நன்று. எந்தக் கூடத்தில் கொடுத்தாலும், உலோக அளவு முன்பே தெரிந்த, சான்றளிக்கப்பட்ட ஒப்பீட்டுப் பொருளை மாதிரிகளோடு சேர்த்து ஓட்டினார்களா, முள்ளெலி எதுவும் சேர்க்காத வெற்று மாதிரியில் என்ன வந்தது, ஈரப்பதம் எத்தனை விழுக்காடு என்று கேட்டு வாங்குங்கள். இந்த மூன்றும் இல்லாத அறிக்கைக்குப் பணம் கொடுக்காதீர்கள். முள்ளெலியை எஃகுக் கத்தியால் அறுக்க வேண்டாம், அதிலிருந்து குரோமியமும் நிக்கலும் ஒட்டும். பீங்கான் கத்தி போதும். முழு உயிராக உறைய வைத்து அனுப்பினால், உருகும்போது ஒரு உறுப்பின் நீர் இன்னொன்றில் கசியும். கரையிலேயே பிரித்து, அமிலத்தில் கழுவிய பாலித்தீன் பைகளில் தனித்தனியாகப் போட்டு உறைய வையுங்கள்.

#17 · கூத்தன்குழிக் கரைவாசி

சினையின் எண் கையில் வரும்வரை ஒரு கூடைகூட ஏறாது என்று வியாபாரியிடம் சொல்லிவிட்டோம். சோதனைச் செலவில் பாதியை அவர் ஏற்பதாகச் சொல்கிறார். அறிக்கையின் படி ஒன்று ஊர்க்கமிட்டியிடமும் இருக்க வேண்டும் என்று நாங்கள் கேட்டிருக்கிறோம், அதற்கு இன்னும் விடை வரவில்லை. ஒரு ஐயம் மட்டும் மீதி இருக்கிறது. ஆண், பெண் என்று பிரித்துப் பையில் போட வேண்டும் என்கிறீர்கள். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒன்றாகத்தான் இருக்கிறது. எப்படிப் பிரிப்பது?

#18 · கடலுயிர் ஆய்வு மாணவி

வெளியிலிருந்து முடியாது. உடைத்தபின் சினையின் ஓரத்தில் ஒரு சிறு துண்டை நசுக்கிப் பாருங்கள். முதிர்ந்த ஆணாக இருந்தால் பால் போன்ற வெண்ணிற நீர் கசியும். பெண்ணாக இருந்தால் மஞ்சளாகவோ ஆரஞ்சு நிறமாகவோ மணி மணியாக வரும். சினை முதிராதவற்றில் இது தெளிவாகத் தெரியாது. அவற்றை மட்டும் மூன்றாவது பையில் போட்டு, ஆணா பெண்ணா தெரியவில்லை என்று மேலே எழுதிவிடுங்கள். நசுக்கிய துண்டைத் திரும்பப் பையில் போட வேண்டாம்.